சுவரில் மூன்று பேருக்குத்தான் இடம்



மாசி இதழ் உங்கள் கைக்கு வரும் நேரம், இங்கே புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் பந்தல் மூங்கில் வந்து இறங்கியிருக்கும். மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் மாசி மகத் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கிற மணல் இது. ஊர் முழுக்க அதே பேச்சாக இருக்க வேண்டிய நாளில், எங்கள் தெருவில் மட்டும் பத்து நாளாக வேறொரு வழக்கு. வலை பின்னும் கூடத்தின் தெற்குச் சுவரில் எந்தப் பழைய கால்பந்து வீரர்களின் படத்தை எழுதுவது?

ஆசிரியர் பக்கத்தை இதற்கா ஒதுக்குவது என்று அலுவலகத்திலேயே ஒரு முணுமுணுப்பு. டீசல் விலையும் மீன்பிடித் தடைக்காலமும் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த மாதமும் இருக்கும். இந்த வழக்குக்கு மகத்துக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். படகுகளை மேலே இழுத்துப் போட்ட பிறகு மிச்சமிருக்கிற மணல்தான் மைதானம். கிழக்கே உதைத்தால் பந்து கடலுக்குப் போய்விடும் என்பதால் ஆட்டம் எப்போதும் வடக்கு தெற்காகத்தான். ஒரு பக்கம் இரண்டு துடுப்பை நட்டு வைத்த கோல். மறு பக்கம் அந்தச் சுவரே கோல். உப்புக்காற்றில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்த சுவர். படகுகளுக்குப் பெயர் எழுதுகிற ஓவியர் ஒருவர், “பெயின்ட் காசு மட்டும் குடுங்க, மூணு படம் எழுதித் தரேன்” என்று சொல்லிவிட்டார். அதோடு நிம்மதி போயிற்று.

முதல் நாள் பட்டியல் ஐந்து நிமிடத்தில் தயாராகிவிட்டது. மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே. எம்பாப்பேவைச் சேர்த்த பையனின் கொள்ளுத்தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். வீட்டில் பாதிப்பேர் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். உலகக் கோப்பை வந்தால் அவர்கள் மாடியில் மூவர்ணம்தான் பறக்கும், ஆனால் நீலம், வெள்ளை, சிவப்பு. அவனிடம் வாதாடிப் பிரயோசனமில்லை.

வாதாடியவர் எங்கள் கோலி பெரியப்பா. இளமையில் இந்த மணலிலும் உப்பளம் பக்கத்து மைதானங்களிலும் கோல் காத்தவர். வலது கை மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். பந்து பட்டு மடங்கியது என்பார் அவர். வலைக்கயிறு இழுத்தது என்பார் பெரியம்மா. வலைக்கண்ணிக்குள் ஊசியை ஓட்டியபடி, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“மூணு பேரும் நல்லா ஆடறவனுங்கதான், யாரு இல்லன்னா? ஆடிக்கிட்டு இருக்கறவனுக்குக் கை தட்டுடா. படம் எழுதறது ஆடி முடிச்சவனுக்கு.”

அதுவே முதல் விதியாயிற்று. ஆடி முடித்தவர் மட்டும். எளிய விதி போலத் தெரிகிறது. ஆனால் 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு, கண்கள் கலங்க விடைபெற்ற சுனில் சேத்ரி, 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். சுவரில் எழுதியிருந்தால் ஓவியரை மறுபடி கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

விதியால் முதலில் அடிபட்டது ஒரு பெண். கடலூர் இந்துமதி கதிரேசன் பெயரைச் சொன்னவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பையன்களோடு ஆடுகிற ஒரே பெண் அவள்தான். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் இந்துமதியின் ஊருக்கு. இந்தியாவுக்கு ஆடியவர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியப் பட்டத்தை இரண்டு முறை, 2017-18இலும் 2022-23இலும் வென்றிருக்கிறது. “அவங்க இன்னும் ஆடறாங்களே” என்றான் ஒருவன். “அப்ப நாலாவது கட்டம் காலியா வைங்க” என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பந்து அவளுடையது. அன்றைக்கு ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இந்த மாதிரிச் சண்டை பெரிய இடங்களிலும் நடக்கிறதா என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். நடக்காமலா? மரடோனாவுக்கு மரியாதையாக 10-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அர்ஜென்டினா 2001இல் முடிவு செய்தது. 2002 உலகக் கோப்பைக்கு 1 முதல் 23 வரை வரிசையாக எண் வேண்டும் என்று ஃபிஃபா கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கடைசியில் அதே 10-ஐப் போட்டுக்கொண்டு ஓர்ட்டேகா இறங்கினார். நல்லவேளை, இல்லையென்றால் மெஸ்ஸி வேறு எண்ணில்தான் ஆடியிருக்க வேண்டும். நாப்போலி கிளப்புக்கு அந்தத் தடை இல்லை. அங்கே 10 இன்றும் மரடோனாவுக்கே. அவர் இறந்ததும் மைதானத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

கேரளக் கரையில் இருக்கிற நம் மாஹேக்கு அக்கம்பக்கத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களான மஞ்சள் சட்டைக்காரர்கள் அதிகம். கேரளா பிளாஸ்டர்ஸ் 2020இல் சந்தேஷ் ஜிங்கன் அணியை விட்டுப் போனபோது அவருடைய 21-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. ஆளுக்கு அப்போது 26 வயதுதான். இரண்டு வருடம் கழித்து அவர் வேறு அணிக்கு ஆடி, அதே பிளாஸ்டர்ஸோடு டிரா செய்துவிட்டு வெளியே வரும்போது பெண்களை மட்டமாகப் பேசிவிட்டார். மன்னிப்பும் கேட்டார். ஆனால் மஞ்சள் கூட்டம் விடவில்லை. 21-ஐத் திரும்ப வெளியே எடு என்று கிளம்பிவிட்டது. கோலி பெரியப்பாவின் விதியை அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

கொல்கத்தா மோகன் பகான் கிளப்பில் வருடா வருடம் ஜூலை 29 அன்று ரத்னா விருது கொடுப்பார்கள். 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய நாள் அது. 2024இல் அந்த விருது சௌரவ் கங்குலிக்குப் போயிற்று. கிரிக்கெட்காரருக்குக் கால்பந்து கிளப்பின் மரியாதையா என்று நம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்பார்கள். அந்தக் கிளப்புக்குக் கிரிக்கெட் அணியும் உண்டு, ஹாக்கி அணியும் உண்டு என்று பதில் வரும். எனக்கு அந்தப் பட்டியலில் பிடித்தது முதல் பெயர். 2001இல் சைலன் மன்னா.

ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். அதற்கு நாம் 1948 ஜூலை 31-க்குப் போக வேண்டும். லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஆட்டம். எதிரில் பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. முதல் கோல் பிரான்சுக்கு. இரண்டாம் பாதியில் பதிலுக்கு ஒன்று போட்டு ஈடுகட்டியவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் ஒரு சாரங்கபாணியின் காலிலிருந்து போயிற்று. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இன்னொன்றைப் போட்டு 2-1 என்று வென்றது. கிடைத்த இரண்டு பெனால்டியையும் இந்தியா வீணாக்கியிருந்தது. தவறவிட்டவர்களில் ஒருவர் சைலன் மன்னா. உலகமே பார்த்த ஆட்டத்தில் பெனால்டியை விட்டவருக்குத்தான், அவருடைய கிளப் 53 வருடம் கழித்து முதல் ரத்னாவைக் கொடுத்தது.

இதைச் சொன்னபோது எம்பாப்பே கட்சிப் பையன் ஒரு கேள்வி கேட்டான். “அன்னிக்குப் பாண்டிச்சேரி பிரான்ஸ்காரன்கிட்டதான இருந்தது? நம்ம தாத்தாங்க யாருக்குக் கை தட்டியிருப்பாங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. கோலி பெரியப்பா மட்டும் சிரித்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸிலும் இந்தியா பிரான்சோடு ஆடி 1-1 என்று டிரா செய்தது. அப்போதும் காகிதத்தில் புதுச்சேரி முழுசாக இந்தியாவிடம் வந்து சேரவில்லை. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அதிலிருந்து 19-ஆம் நாள், செப்டம்பர் 4, ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வாங்கியது. அந்த வகையில், ஆசிய சாம்பியன் இந்தியாவின் குடிமக்களாகத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் முதல் மாதத்தை முடித்திருக்கிறார்கள். இதை நான் மூன்று தடவை சொல்லிக் காட்டிவிட்டேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த 1962 அணியில்தான் எனக்கு வேண்டிய ஆள் இருக்கிறார். துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கத்தில் அம்முகுடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் வந்த அணியில் இருந்தார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 1961இல் தலைவர். அந்த வருடம் கொல்கத்தா லீக்கை வாங்கிக் கொடுத்தார். நுரையீரல் நோய் வந்து 30 வயது ஆவதற்குள் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று.

பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். மூவருக்கும் அர்ஜுனா விருது வந்தது. பானர்ஜிக்கு 1961, பலராமுக்கு 1962, கோஸ்வாமிக்கு 1963. அடுத்த படியில்தான் பந்தி மாறியது. கோஸ்வாமிக்கு 1983இல் பத்மஸ்ரீ. பானர்ஜிக்கு 1990இல். பலராமுக்குக் கடைசிவரை வரவில்லை. 2020இல் மார்ச் மாதம் பானர்ஜி போனார், ஏப்ரல் முடிவில் கோஸ்வாமி போனார். ஊரெல்லாம் எழுதினார்கள். பலராம் 2023 பிப்ரவரி வரை இருந்தார். மூவரில் மூன்றாவது ஆளாகவே இருந்தார்.

தான் ஆடி வளர்த்த கிளப்போடும் அவருக்குக் கசப்பு. செத்த பிறகு என் உடலை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது புரியும். பஞ்சாயத்தோடு மனஸ்தாபமாகி, என் சாவுக்குப் பறை வேண்டாம், ஊர்ப்பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன கிழவர்கள் எல்லாக் குப்பத்திலும் உண்டு.

பலராமைப் பற்றி இன்னொரு வழக்கும் உண்டு. ரோமில் பெருவோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் இந்தியா 3-1 என்று தோற்றது. நாம் ஒலிம்பிக்ஸில் போட்ட கடைசி கோல் அந்த ஒன்றுதான். அதன் பிறகு கால்பந்து அணி ஒலிம்பிக்ஸ் பக்கமே போகவில்லை. அந்த கோலைச் சில பதிவேடுகள் பலராம் பெயரில் எழுதியிருக்கின்றன. நம் பத்திரிகைகள் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் பெயரில் எழுதுகின்றன. யார் பெயரில் எழுதினாலும் நம் வீட்டுக் கணக்குதான். சுந்தரராஜ் பின்னாளில் பயிற்சியாளராகக் கேரளத்துக்குப் போய் 1973இல் அவர்களுக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தார். கேரளத்துக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த தஞ்சாவூர்க்காரர் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே கோலி பெரியப்பா தன் ஆளை இறக்கினார். பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர் கோல் காக்கப் போனார். அந்த ரெஜிமென்ட் சென்டர் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வாங்கியது. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் நின்றவர் அவரே. “கோல் போட்டவன் பேர் பேப்பர்ல வரும். கோல் விட்டா கோலி பேர் வரும்” என்றார் பெரியப்பா. அறுபது வருடமாக வைத்திருந்த வழக்கு போலிருக்கிறது.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் குழுவில் இருந்த தஞ்சாவூர் குலோத்துங்கன். 2018இல் சொந்த ஊரிலேயே மோட்டார் பைக் விபத்தில் போய்விட்டார். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து ஐ-லீக் பட்டம் வாங்கிய சென்னை சிட்டி அணி. அந்த அணி இன்று களத்திலேயே இல்லை. அந்த வீரர்களுக்கு எண்ணை ஓய்வெடுக்க வைப்பது யார், விருது கொடுப்பது யார்? மரியாதை செய்ய வேண்டிய வீடே பூட்டிக் கிடக்கிறது. எழுதினால் இந்த மாதிரிச் சுவரில் எழுதினால்தான் உண்டு.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் பரிவட்டம் ஒரு தலைக்குத்தான் கட்ட முடியும். அதனால்தான் வருடா வருடம் முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை, சில ஊர்களில் கோர்ட்டு வரை. கடலில் கணக்கு அப்படியில்லை. கரைக்கு வந்ததும் படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. அணியத்தில் நின்றவனுக்கும் தண்ணீர் இறைத்தவனுக்கும் பங்கு உண்டு. கிளப்புகள் பரிவட்டம் கட்டுவதில் காட்டுகிற அக்கறையைப் பங்கு பிரிப்பதில் காட்டுவதில்லை. 1962இல் ஜகார்த்தாவில் களம் இறங்கிய பதினொரு பேரையும் வரிசையாக எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் சுவர் சின்னது, பெயின்ட் காசு அதைவிடச் சின்னது.

மூன்றாம் நாள் மாலை பலராம் தேறிவிட்டார், எதிர்ப்பே இல்லாமல். அவரை ஜெயிக்க வைத்தது என் பேச்சு இல்லை. மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைத்துவிட்டது. வீட்டில் மூன்று அண்ணன் தம்பி இருக்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஓவியர் புதிதாக ஒரு சிக்கலைக் கிளப்பினார். கிடைத்த படம் கறுப்பு வெள்ளை. “சட்டை என்னா கலர் போடறது?” ஈஸ்ட் பெங்கால் சிவப்பும் மஞ்சளும் எடுப்பாக இருக்கும் என்றார். உடலையே கொண்டுபோகாதே என்றவருக்கு அந்தச் சட்டையைப் போடலாமா என்று ஒரே இரைச்சல். அந்த எட்டாம் வகுப்புப் பெண்தான் முடித்து வைத்தாள். “இந்தியா நீலம் போடுங்க. அதுல யாருக்கும் கோவம் இல்ல.”

இரண்டாவது தங்கராஜ். பெரியப்பா ஊசியைக் கீழே வைக்கும் வரை யாரும் வேறு பெயரைச் சொல்லத் துணியவில்லை.

மூன்றாவது இடத்துக்குப் பிள்ளைகள் ரகசியமாக ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் வேண்டும், அது கோலி பெரியப்பாதான். அவரிடம் போய்ச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். முகம் மாறிவிட்டது.

“அடப் பாவிங்களா. செவத்துல படம் போட்டா செத்தவன்னு அர்த்தம்டா. உங்க பெரியம்மா நாளைக்கே மாலை வாங்கிட்டு வந்துடுவா.”

உள்ளேயிருந்து பெரியம்மா, “பூ விக்கிற வெலைக்கா?” என்றார்.

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் எழுந்து வந்து சுவருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தார். அந்தத் திரும்பிய விரல் சுண்ணாம்பில் லேசாகத் தட்டிக்கொண்டே போயிற்று. “ரெண்டு பேரையும் ரெண்டு ஓரத்துல எழுது. நடுவுல இந்த எடத்த வெறும் வெள்ளையா அடிச்சு வுடு. பந்து பட்டா தடம் வுழும். கோலா இல்லையான்னு தெனம் அடிச்சிக்கிறீங்களே, அது நிக்கும். குறி தப்பிச்சின்னா பலராம் மூஞ்சில படும், அதனால பாத்து அடிப்பீங்க.”

உங்கள் ஊர்ச் சுவருக்கு நீங்கள் யாரை எழுதுவீர்கள் என்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள். ஆடி முடித்தவராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பழைய அணிகளின் புகைப்படம் பரணில் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள், பின்னால் பெயர்களை எழுதி. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.

ஓவியர் மகம் முடிந்துதான் வருகிறார். அதற்குள் பிள்ளைகள் தாங்களே பிரஷ் வாங்கி நடுக்கட்டத்துக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். நேற்று மாலை போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு முழுசாகக் காயக்கூட இல்லை, அதில் ஏழு ஈரமணல் வட்டம். எட்டாவது சரியாகக் கோட்டின் மேல் விழுந்திருந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்